வெளிய கரி, உள்ள ஐஸ்: ஏர் ஃப்ரையர்ல போர்க் டெண்டர்லாயின் பண்ணுன கதை

ஏர் ஃப்ரையர் வாங்கி ஆறு மாசமா அதுல உருளைக்கிழங்கு வறுக்கறது, நேத்து மிஞ்சினத சூடு பண்றது, இந்த ரெண்டத் தவிர வேற ஒண்ணும் பண்ணல. ஒரு நாள் அக்கா ஃபோன்ல பேசிட்டு இருக்கும்போது "டேய், மசாலா தடவியே பாக்கெட்ல வருதுல்ல போர்க் டெண்டர்லாயின், அத அப்படியே தூக்கி உள்ள போட்டு 200 டிகிரில 20 நிமிஷம் வெச்சிடு, அவ்ளோதான், ஒண்ணும் பெரிய வித்தை இல்ல"ன்னு சொன்னா. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்து ஃப்ரீசர்ல போட்டுட்டேன்.

அங்கதான் முதல் தப்பு. சமைக்கற அன்னிக்கு சாயங்காலம்தான் ஃப்ரீசர்ல இருக்கறதே ஞாபகம் வந்துச்சு, எடுத்து கொஞ்ச நேரம் வெந்நீர்ல போட்டேன் (பண்ணக்கூடாது, தெரியும், அப்புறம் சொல்றேன்), தொட்டுப் பாத்தா மெத்துமெத்துன்னு இருந்துச்சு, சரி ஐஸ் விட்டுடுச்சுன்னு நெனச்சு உள்ள போட்டு 20 நிமிஷம் திருப்பிட்டு டிவி பாக்கப் போயிட்டேன். டிங்னு சத்தம் கேட்டு போய் தொறந்தா ஒரே புகை. மேல தடவியிருந்த இனிப்பு மசாலா முழுக்க கரிஞ்சு தார் ஊத்துன மாதிரி கெடக்கு. சரி உள்ளயாவது நல்லா இருக்கும்னு நடுவுல வெட்டுனா, நடுப்பகுதி சில்லுன்னு இருக்கு, கத்தி நறநறன்னு ஐஸ்ல மாட்டுது. வெளிய கரி, உள்ள ஐஸ். என் மனைவி ஒண்ணும் சொல்லல, ரெண்டு முட்டை எடுத்து அடுப்புல உடைச்சு ஊத்துனா, அவ்ளோதான்.

ரெண்டாவது தடவை ரோஷத்துல பண்ணது. இந்த முறை ஒழுங்கா முந்தின நாளே ஃப்ரிட்ஜ்ல எறக்கி வெச்சு முழுசா ஐஸ் விட வெச்சேன், ஆனா உள்ள வேகாம போயிடுமோன்னு பயம், அதனால 20க்கு பதிலா 35 நிமிஷம். பாக்க சூப்பரா இருந்துச்சுங்க, நல்ல செவப்பு, நல்ல வாசனை. வாயில வெச்சா பள்ளிக்கூடத்துல பென்சில் அழிப்போமே அந்த ரப்பர். மென்னுகிட்டே இருக்கேன் மென்னுகிட்டே இருக்கேன், கீழ எறங்க மாட்டேங்குது. அப்பத்தான் டிராயர்ல எப்பவோ வாங்கிப் போட்ட கறி குத்திப் பாக்கற தெர்மாமீட்டர் ஞாபகம் வந்து எடுத்து குத்துனேன், தட்டுக்கு வந்து பத்து நிமிஷம் ஆனப்புறமும் 84 டிகிரி காட்டுது. நான் "அக்கா 20ன்னு சொன்னா, நான் 35 வெச்சேன், 27 வெச்சிருக்கணுமோ"ன்னு கணக்கு போட்டுட்டு இருந்தப்ப மனைவி சொன்னது: "ஏங்க, கறி என்ன பஸ்ஸா, சொன்ன டைமுக்கு வந்து நிக்கறதுக்கு?"

அந்த ஒரு வார்த்தைதான் மண்டைல ஏறுச்சு.

டெண்டர்லாயின்னா என்னன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா நானே ரொம்ப நாள் போர்க் லாயினும் இதுவும் ஒண்ணுன்னு நெனச்சிட்டு இருந்தவன். லாயின் அகலமா, தடிமனா, முதுகோட வெளிப்பக்கம் வர்ற கறி. டெண்டர்லாயின் முதுகெலும்புக்கு உள்பக்கமா ஒட்டி நீளமா ஓடற ஒரே ஒரு தசை, ஒரு ஜான் ஒண்ணரை ஜான் நீளம், ஒரு துண்டு அரைக் கிலோவுக்கு முன்ன பின்ன. நடக்க ஓட அந்தத் தசைக்கு பெருசா வேலை இல்ல, அதனாலதான் அவ்ளோ மெத்துன்னு இருக்கு. ஆனா உள்ள கொழுப்பும் பெருசா கிடையாது, நாருக்கு நடுவுல உருகி வழிஞ்சு காப்பாத்தறதுக்கு ஜவ்வும் கிடையாது. தோள்பட்டைக் கறிய மூணு மணி நேரம் வேக வெச்சா இன்னும் நல்லாத்தான் ஆகும், இத அஞ்சு நிமிஷம் கூட வெச்சா போச்சு. லாயினுக்கு எழுதுன சமையல் குறிப்ப இதுக்கு வெச்சா கண்டிப்பா ரப்பர்தான், மாத்தி வெச்சா பச்சைதான். பாக்கெட் மேல என்ன எழுதியிருக்குன்னு ரெண்டு தடவை படிங்க, பேரு அவ்ளோ கிட்டத்துல இருக்கு.

ஏர் ஃப்ரையர்ங்கறது பேருக்குத்தான் ஃப்ரையர், உள்ள வறுவல்லாம் ஒண்ணும் நடக்கல. மேல ஒரு சூடாகற கம்பி, அதுக்கும் மேல ஒரு ஃபேன், அந்த ஃபேன் சூடான காத்த வேகமா கறி மேல அடிச்சிட்டே இருக்கும், சின்ன இடத்துல வேகமா சுத்தற காத்து, அவ்ளோதான் விஷயம். 2010ல ஃபிலிப்ஸ் கம்பெனி இத சந்தைக்கு கொண்டு வந்தப்ப வெச்ச பேரு அப்படியே நின்னுடுச்சு. காத்து வேகமா அடிக்கறதால மேல இருக்கற ஈரம் சீக்கிரம் காயும், ஈரம் காஞ்சாத்தான் மேல்பக்கம் 100 டிகிரிய தாண்டும், 140 பக்கம் போனாத்தான் அந்த செவந்த நிறமும் வறுத்த வாசனையும் வர ஆரம்பிக்கும். அதனாலதான் உள்ள போடறதுக்கு முன்னாடி பேப்பர் டவல் வெச்சு நல்லா ஒத்தி எடுக்கணும்னு தலையால அடிச்சுக்கறாங்க. ஈரத்தோட போட்டா முதல் பத்து நிமிஷம் அது கறிய அவிச்சிட்டு இருக்கும்.

இப்ப டைமுக்கு வருவோம். ஒரே எடை இருக்கற ரெண்டு துண்டு, ஒண்ணு குண்டா குட்டையா, இன்னொண்ணு ஒல்லியா நீளமா இருந்தா ரெண்டும் ஒரே நேரத்துல வேகாது, ஏன்னா சூடு வெளியேர்ந்து நடுவுக்குத்தான் நடந்து போகணும், தூரம்தான் கணக்கு, கிலோ கணக்கு இல்ல. அப்புறம் ஃப்ரிட்ஜ்லேர்ந்து நேரா எடுத்ததா, அரை மணி வெளிய இருந்ததா, மெஷின் முன்னாடியே சூடாகியிருந்துச்சா, கூடைல ஒரு துண்டா ரெண்டு துண்டா, இதுல எது மாறுனாலும் நிமிஷம் மாறும். அக்காவோட மெஷின்ல, அக்கா வாங்கற சைஸ்க்கு 20 நிமிஷம் சரியா வந்திருக்கு, அதுல பொய் ஒண்ணும் இல்ல. எனக்கு 200 டிகிரில 18லேர்ந்து 22க்குள்ள எங்கயாவது முடியுது, ஆனா நான் 14வது நிமிஷத்துலேர்ந்தே குத்திப் பாக்க ஆரம்பிச்சிடுவேன்.

குத்திப் பாத்து எவ்ளோ வரணும்? 63 டிகிரி செல்சியஸ். முன்னாடி அமெரிக்க வேளாண் துறையே போர்க்க 71 டிகிரி வரைக்கும் வேக வைக்கணும்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க, 2011 மே மாசம்தான் முழுத் துண்டு கறிக்கு 63 போதும், அப்புறம் 3 நிமிஷம் ஆற விடணும்னு மாத்துனாங்க. கொத்துக்கறிக்கு இது கிடையாது, அதுக்கு இன்னும் 71தான், ஏன்னா அரைக்கும்போது மேல இருந்த கிருமி எல்லாம் உள்ள போயிடும். போர்க்னாலே எல்லாரும் பயப்படற டிரைக்கினெல்லான்னு ஒரு புழு, அது 58 டிகிரிலயே செத்துடும். அப்ப 71, 75ன்னு வெச்சு வெச்சு நம்ம தின்ன காஞ்ச கறியெல்லாம் என்ன கணக்குன்னு நெனச்சா வயித்தெரிச்சலாத்தான் இருக்கு.

63ஐத் தாண்டுனா என்ன ஆகுதுன்னா, 66லேர்ந்து 73க்குள்ள தசை நார்ல இருக்கற ஆக்டின்ங்கற புரதம் இறுக ஆரம்பிக்கும், ஈரத்துணிய முறுக்கிப் பிழியற மாதிரி சாற வெளிய தள்ளிடும். என்னோட அந்த 84 டிகிரி கறி நல்லா பிழிஞ்சு கொடில காயப்போட்ட துணி.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. 63ல எடுத்தா நடுவுல லேசா பிங்க்கா இருக்கும். மூணாவது தடவை எல்லாம் கரெக்டா வந்து, நான் ஆசையா வெட்டி தட்டுல வெச்சா, மனைவி ஒரு பாத்த பார்வை இருக்கே. "இது வேகல." வெந்துடுச்சும்மா, தெர்மாமீட்டர் பாரு. "தெர்மாமீட்டர் உங்களுக்கு, கண்ணு எனக்கு." பிங்க் நிறம் ரத்தம் இல்ல, அது தசைக்குள்ள இருக்கற மையோகுளோபின்ங்கற புரதம், 63ல அது முழுசா நிறம் மாறாது, அதனால நிறத்த வெச்சு வெந்துச்சா வேகலையான்னு சொல்லவே முடியாதுன்னு பாடம் எடுத்தேன். ஒண்ணும் எடுபடல. கடைசில ஒரு சமாதானத்துக்கு வந்தோம், நடுவுல தடிமனா இருக்கற பகுதி எனக்கு, வால் பக்கம் ஒல்லியா இருக்கறது எப்பவும் நாலஞ்சு டிகிரி கூட போயிடும், பிங்க் துளி கூட இருக்காது, அது அவளுக்கு. இதுக்காகவே இப்ப வால மடிச்சுக் கட்டறத விட்டுட்டேன். ஒரே மாதிரி வேகணும்னா அந்த ஒல்லி நுனிய அடில மடிச்சு நூல் போட்டு கட்டணும்னு சொல்வாங்க, அதுவும் சரிதான், ஆனா எங்க வீட்டுல அது சண்டைல முடியும்.

இந்த மசாலா தடவின பாக்கெட் விஷயம். மோசம்னு சொல்ல மாட்டேன், அவசரத்துக்கு நல்லாவே இருக்கு. ஆனா பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கறதப் படிங்க, நிறைய பாக்கெட்ல கறிக்குள்ள உப்புத் தண்ணியும் சோடியம் பாஸ்பேட்டும் ஏத்தியிருப்பாங்க, எத்தனை சதவீதம்னு கூட போட்டிருக்கும். பாஸ்பேட் தண்ணிய உள்ள புடிச்சு வெச்சுக்கும், அதனால கொஞ்சம் கூட வெந்தாலும் ரொம்ப காயாது, புதுசா பண்றவங்களுக்கு அது ஒரு இன்ஷூரன்ஸ் மாதிரி. பதிலுக்கு ஒரு மாதிரி ஹாம் போல வழவழன்னு ஒரு பதம் வரும், எனக்கு அது புடிக்கல. உப்பும் தூக்கலாத்தான் இருக்கும், மேல நீங்க ஒரு சிட்டிகை கூட போடாதீங்க. சக்கரையோ தேனோ இருக்கற மசாலான்னா 200 வேண்டாம், 180லயே வைங்க, நாலஞ்சு நிமிஷம் கூட ஆகும், ஆகட்டும். மேல கொழகொழன்னு ஒட்டியிருக்கறத கத்தி முதுகால வழிச்சு விட்டுட்டு போட்டா இன்னும் நல்லது, உப்பு ஏற்கனவே உள்ள போயிருக்கும், மேல நிக்கறது கரியறதுக்குத்தான்.

இப்ப நான் மசாலா இல்லாத துண்டாத்தான் வாங்கறேன். அதுல ஒரே ஒரு வேலை, ஆனா அத விட்டா எல்லாம் போச்சு, அந்த வெள்ளித் தோல். துண்ட திருப்பிப் பாத்தா ஒரு பக்கம் குண்டு முனைலேர்ந்து பாதி நீளத்துக்கு வெள்ளையா பளபளன்னு ஒரு சவ்வு ஒட்டிட்டு இருக்கும், வெளிச்சத்துல சாய்ச்சா சோப்புக் குமிழ் மாதிரி லேசா ஊதாவும் பச்சையுமா மின்னும். இது வெந்தா உருகாது. ஜவ்வு மாதிரி எல்லாம் வழவழன்னு ஆயிடும்னு நெனக்காதீங்க, அது கொலாஜன், இதுல எலாஸ்டின் அதிகம், எவ்ளோ நேரம் வெச்சாலும் பல்லுல மாட்டற நார்தான், சூட்டுல சுருங்கி கறியயும் வில்லு மாதிரி வளைச்சிடும். ஒல்லியான கூர் கத்தி எடுத்து, சவ்வுக்கு அடில ஒரு விரக்கடை அகலத்துக்கு நுனிய விட்டு, அந்தப் பக்கம் வெளிய வந்ததும் கிளம்பி வந்த முனைய இடது கையால இறுக்கி புடிச்சு இழுத்துக்கிட்டே, கத்தியோட கூர் பக்கத்த லேசா மேல சவ்வ பாத்து சாய்ச்சு தள்ளணும். கீழ பாத்து சாய்ச்சா கறி கறியா வந்துடும். வழுக்கும், அதனால புடிக்கற விரலுக்கு ஒரு துண்டு பேப்பர் டவல் வெச்சுக்குங்க. ரிப்பன் ரிப்பனா நாலஞ்சா வரும். முதல் தடவை எனக்கு கால் மணி நேரம் ஆச்சு, பாதி கறி குப்பைக்குப் போச்சு, இப்ப ரெண்டு நிமிஷம்.

கழுவறதப் பத்தி ஒரு வார்த்தை: கழுவாதீங்க. கொழாய்க்கு அடில புடிச்சா கிருமி போகாது, சிங்க்கு, பக்கத்துல கவுத்து வெச்ச டம்ளர்னு எல்லாத்து மேலயும் தெறிக்கும், கிருமி சாகறது சூட்டுலதான். ஐஸ் விடறதுக்கும் மேடை மேல வெக்கறதோ என்னைப் போல வெந்நீர்ல போடறதோ வேண்டாம், மேல் பக்கம் சூடாகி கிருமி பெருக ஆரம்பிச்சப்பவும் நடு இன்னும் கல்லாத்தான் இருக்கும், ஃப்ரிட்ஜ்ல கீழ் தட்டுல ஒரு ராத்திரி முழுக்க வெச்சா போதும்.

மசாலான்னா, அரைக் கிலோ துண்டுக்கு பொடி உப்பு ஒரு டீஸ்பூனுக்கு கொஞ்சம் கம்மி, அஞ்சாறு கிராம் வரும். முந்தின நாள் ராத்திரியே உப்ப மட்டும் தடவி மூடாம ஃப்ரிட்ஜ்ல வெச்சா உப்பு உள்ள எறங்கும், மேல் தோல் காஞ்சும் இருக்கும், ரெண்டு லாபம். நேரம் இல்லன்னா போடறதுக்கு முன்னாடி தடவுங்க, பத்து நிமிஷம் கால் மணின்னு நடுவுல விடாதீங்க, அப்பத்தான் தண்ணி வெளிய வந்து மேல நிக்கும். சமைக்கறப்போ ஒரு ஸ்பூன் கடுகு பேஸ்ட், ஒரு ஸ்பூன் எண்ணெய் சேத்து மெல்லிசா தடவி, அது மேல பூண்டுப் பொடி, மிளகு, புகை வாசனை பாப்ரிகா பொடி, காஞ்ச தைம் எல ஒரு சிட்டிகை. கடுகு ருசிக்கு இல்ல, பசைக்கு, பொடி உதிராம ஒட்டிக்கும். பச்சைப் பூண்டு அரைச்சு தடவாதீங்க, காத்துல பறந்து கம்பில ஒட்டி கசப்பா கரியும், பண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்றேன். எண்ணெய்ய கறில தடவுங்க, ஸ்ப்ரே டப்பாவ கூடைல அடிக்காதீங்க, அதுல இருக்கற லெசித்தின்ங்கற பொருள் நான்ஸ்டிக் மேல பிசின் மாதிரி படிஞ்சு போகவே போகாது.

மெஷின 200ல நாலஞ்சு நிமிஷம் வெறுமனே ஓட விட்டுட்டு, கறிய சுத்தி காத்து போக எடம் விட்டு நேரா வைங்க. கூடை சின்னதுன்னா மடிக்காம ரெண்டா வெட்டிடுங்க, துண்டு மேல துண்டு ஒட்டக்கூடாது. பத்தாவது நிமிஷம் திருப்பிப் போடணும். 14ல முதல் குத்து. தெர்மாமீட்டர மேலேர்ந்து செங்குத்தா குத்துனா துண்டு சின்னதா இருக்கறதால நுனி அந்தப் பக்கம் போய் கூடையோட சூட்டக் காட்டும், குண்டு முனைலேர்ந்து நீளவாக்குல உள்ள விடுங்க, மெதுவா வெளிய இழுத்துட்டே வாங்க, எங்க குறைஞ்ச நம்பர் காட்டுதோ அதுதான் நடு. தெர்மாமீட்டர் மேலயே சந்தேகமா, ஒரு டம்ளர் நிறைய ஐஸ் போட்டு தண்ணி ஊத்தி கலக்கி உள்ள விடுங்க, 0 காட்டணும். என்னுது 1 காட்டுது, அந்த ஒண்ண கழிச்சுக்கறேன்.

அந்த மூணாவது தடவை 14வது நிமிஷத்துல 47 டிகிரி, 17ல 57, 19ல 63. எடுத்து பலகைல வெச்சு தெர்மாமீட்டர உள்ளயே விட்டுட்டு பாத்துட்டு இருந்தேன். அடுப்பும் இல்ல ஒண்ணும் இல்ல, 64ங்குது, ஒரு நிமிஷம் கழிச்சு 65, அப்புறம் 66ல போய் ரொம்ப நேரம் நின்னு யோசிச்சிட்டு திரும்ப 65க்கு எறங்குச்சு. வெளிப்பக்கம் இருந்த சூடு உள்ள நடந்து போயிட்டு இருக்கு. எட்டு நிமிஷம் விட்டுட்டு நாருக்கு குறுக்கால ஒரு விரல் தடிமனுக்கு வெட்டுனேன், பலகைல சாறு ஒரு ஸ்பூன் கூட வடியல, எல்லாம் உள்ளயே நின்னுடுச்சு. வடிஞ்ச கொஞ்சத்துல ஒரு துண்டு வெண்ணெயும் கடுகு பேஸ்டும் கலக்கி மேல ஊத்துனேன், அது வேற லெவல்.

புகை வராம இருக்க கூடைக்கு அடில இருக்கற ட்ரேல கால் டம்ளர் தண்ணி ஊத்தலாம், உங்க மெஷின் புத்தகத்துல கூடாதுன்னு போடாம இருந்தா. டெண்டர்லாயின்ல கொழுப்பு இல்லாததால பெருசா புகையாது, இனிப்பு மசாலா சொட்டுனாத்தான் ரகளை.

மிஞ்சுனத ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வெச்சா மூணு நாலு நாள் தாங்கும். ஆனா திரும்ப சூடு பண்ணா பண்ண பாடெல்லாம் வீண், மறுபடி ரப்பர். சில்லுன்னு இருக்கறப்பவே காகிதம் மாதிரி மெல்லிசா சீவி ரொட்டிக்கு நடுவுல வெச்சு சாப்பிடுங்க. பிங்க் துண்டு மேல அவ்ளோ சந்தேகப்பட்டவங்க ராத்திரி பதினோரு மணிக்கு ஃப்ரிட்ஜ் கதவ தொறந்து வெச்சு நின்னுகிட்டே என்னோட பங்க தின்னுட்டு இருந்தத நான் பாத்தேன், ஒண்ணும் கேட்டுக்கல.

மறுநாள் அக்கா ஃபோன் பண்ணா. "என்னடா, கறி வந்துச்சா?"

"சூப்பரா வந்துச்சுக்கா."

"எவ்ளோ வெச்ச?"

"63."

"63 நிமிஷமா? கரிக்கட்டையா போயிருக்குமேடா!"